மீனில் வரைந்த கல்யாணப் பேச்சு

தோர்ஸ்மின்டெ,
ஜூன், ஞாயிறு

அன்புள்ள இங்கெர் அக்காவுக்கு,

தம்பி ஓர்லா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் போடிலும் நலம். வழக்கமாக இந்த வரியை யோசிக்காமல் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இந்த முறை அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் நீ அனுப்பிய மலர்வளையம் நேற்று வந்து சேர்ந்தது. நல்ல வளையம். வெள்ளை லில்லியும் ஏதோ நீலப் பூவும் வைத்து, நாடாவில் பொன் எழுத்தில் "நிம்மதியாக உறங்கு, தம்பி" என்று போட்டிருக்கிறார்கள். கொண்டுவந்த பையனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் நான்தான். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு, இறந்தவர் உங்களுக்கு நெருக்கமானவரா என்று கேட்டான். நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன், பாவம், அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வளையத்தைக் கோழிக்கூட்டுக் கதவில் மாட்டியிருக்கிறேன். லில்லியைக் கோழிகள் கொத்தித் தின்றுவிட்டன, நாடா மட்டும் பத்திரமாக இருக்கிறது. உன் இடுப்பு எலும்பு கூடிவருகிறதா, போர்ன்ஹோம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு எப்படி என்று எழுது. நீ கல்யாணத்துக்கு வர முடியாமல் போனது எங்கள் எல்லோருக்கும் குறைதான். முழுக் கதையும் எழுது என்று போடிலிடம் கேட்டிருந்தாய். அவள் சொன்னால் இரண்டு வரியில் முடித்துவிடுவாள், ஆகவே நானே எழுதுகிறேன்.

எல்லாம் என் தொண்டையில் ஆரம்பித்தது. முப்பது வருஷத்துக்கு மேல் விடியற்காலையில் மீன் கூடத்தில் பெட்டி பெட்டியாக ஏலம் கூறியவனுக்குக் குரல்வளையில் முடிச்சு விழாமல் என்ன செய்யும். ஹோல்ஸ்டெப்ரோவில் டாக்டரம்மா அதை வெட்டி எடுத்தார். கெட்டது ஒன்றுமில்லை, ஆனால் நான் சொல்லும்வரை வாய் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அது கத்துவதைவிடக் கெடுதல் என்றார். போடில் அந்த வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே கார் ஓட்டினாள்.

எனக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஜூனில் ரிக்கெயின் கல்யாணம். விருந்தில் முதல் பேச்சு பெண்ணைப் பெற்றவனுடையது. மற்றவர்கள் பேசலாம், பாடலாம், தூங்கலாம், அப்பன் எழுந்து நின்றாக வேண்டும். எனக்கும் போடிலுக்கும் இருப்பது ஒரே பெண். அவளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் சொல்ல அன்றைக்கு ஒரு நாள்தான் கிடைக்கும், என் வாய்க்கோ பூட்டு. ரிக்கெ கோபன்ஹேகனிலிருந்து போன் செய்து போடிலிடம் சொல்லி அனுப்பினாள்: "அப்பாவை எழுதிக் குடுக்கச் சொல்லு. யெப்பெயோட அப்பா வாசிச்சிடுவார், அவருக்கு நல்ல குரல்." அந்தச் சம்பந்தி ஃபிளெம்மிங்கை உனக்குத் தெரியாது. வக்கீல். மணி என்ன என்று கேட்டால் முன்னுரையோடு சொல்வார். என் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியதை அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிப்பதா? முடியாது என்று நான் மேஜையைத் தட்டியதை, காபி கேட்கிறேன் என்று நினைத்துப் போடில் காபி ஊற்றிவிட்டாள்.

முதலில் சிலேட்டில் எழுதிக் காட்டிப் பார்த்தேன். சாக்கட்டியால் அவசரமாகக் கிறுக்கியதை என்னாலேயே படிக்க முடியாது, போடிலோ கண்ணாடி போட மறுக்கிறவள். எழுத்தை விட்டுப் படத்துக்குப் போனேன். கம்பு ரொட்டியும் மேலே ஈரல் பூச்சும் வேண்டும் என்று பசியோடு வரைந்து காட்டினேன், அவள் போய் என் செருப்பை எடுத்து வந்தாள். இது சரிப்படாது என்று அவளே என்னைச் செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தில் நடக்கும் ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டாள். சன்னெ என்று ஒரு பெண், கையெல்லாம் வர்ணம், நல்ல பெண்தான். ஒவ்வொருத்தருக்குள்ளும் ஒரு கோடு இருக்கிறது, உள்ளே இருக்கும் உணர்ச்சியை அந்தக் கோட்டில் விடுங்கள் என்றாள். பக்கத்தில் ஒரு பல் டாக்டர் சுழல் சுழலாகப் போட்டு அழுதுகொண்டிருந்தார். நான் காட் மீன் வரைந்தேன். இன்னும் ஆழமாகப் போங்கள் என்றாள். ஆழ்கடல் மீன் ஒன்று வரைந்தேன். மூன்றாவது வாரம் அவள் என் தாள்களையெல்லாம் தரையில் பரப்பி வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "சரி ஓர்லா, உங்களுக்கு வர்றது மீன்தான். மீன்லயே பேசுங்க" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு வழி பிறந்தது.

அதன்பிறகு எல்லோரும் மீன். நான் வாய் தைத்த காட். போடில் நாக்குமீன்: இரண்டு கண்ணும் ஒரே பக்கம், அடியில் சும்மா படுத்திருப்பது போல இருக்கும், மேலே நடக்கிற ஒன்றும் தப்பாது. அவள் முதலில் முகத்தைச் சுளித்தாள், பிறகு அந்தப் படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். பக்கத்து வீட்டு எஸ்கில், அவன்தான் துறைமுகக் காவலனாக இருந்து ஓய்வு பெற்றவன், நண்டு. மழை வந்தால் ஹெர்ரிங் கூட்டம். முதுகு வலித்தால் வளைந்த கானாங்கெளுத்தி. சண்டைகூட வரைந்தே போட்டோம். ஒருநாள் நான் கோபத்தில் வரைந்த சுறாவைப் பார்த்துவிட்டு அவள் பென்சிலை வாங்கி அதற்கு ஒரு தொப்பி வரைந்தாள், சண்டை அதோடு போயிற்று. வாய் இருந்த காலத்தில் அதே சண்டையை ஒரு வாரம் இழுத்திருப்பேன்.

காலையில் அவள் குளியல் சங்கத்துப் பெண்களோடு கடலில் இறங்குகிறவள் என்பது உனக்குத் தெரியும். காபி ஆனதும் வாசலில் நின்று நான் கத்துவேன், அவள் ஏறி வருவாள். இப்போது கத்த முடியாதே. பழைய படுக்கை விரிப்பை வெட்டி ஒரு நாக்குமீன் தைத்து, ஆரஞ்சுப் புள்ளிகள் வைத்து, நம் கொடிக்கம்பத்தில் ஏற்றினேன். கடலிலிருந்து நன்றாகத் தெரிந்தது. சங்கத்துப் பெண்களே அதைப் பார்த்து, "போடில், ஒன் மீன் ஏறிடுச்சு" என்று சொல்வார்களாம். எஸ்கிலுக்கு மட்டும் பொறுக்கவில்லை. தேசக்கொடி ஏறுகிற கம்பத்தில் படுக்கை விரிப்பா என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சட்டம் பேசினான். பதிலுக்கு நண்டு வரைந்து வேலியில் செருகினேன்.

இப்போது உன் மலர்வளையத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம், சனிக்கிழமை. ரிக்கெயும் மாப்பிள்ளையும் அன்று மதியம் வருவதாக இருந்தது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கொடி ஏற்றாமல் இருப்போமா, கொடியை மேலே கட்டி, அதே கயிற்றில் கீழே காபி மீனையும் கட்டி ஒன்றாக இழுத்தேன். மேற்கே இருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாதி தூரம் போனதும் மீனின் வால் கம்பத்தைச் சுற்றிக்கொண்டது, கயிறு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஏணி எடுக்கலாம் என்று கொட்டகைக்குப் போனேன். அங்கே கல்யாணப் பேச்சுக்காக வரைந்த தாள்கள் கிடந்தன, ஒரு படத்தில் வால் சரியில்லை, அதைத் திருத்த உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் கொடியை மறந்தே போனேன்.

வெளியே வந்து பார்த்தால் தெரு முழுக்க அரைக்கம்பத்தில் கொடி. எஸ்கில் வீட்டில், ரொட்டிக் கடையில், பள்ளிக்கூடத்தில், எல்லா இடத்திலும். யாரோ நம் தெருவில் போய்விட்டார்கள் என்று எனக்குத் திக்கென்றது. எஸ்கிலாக இருக்குமோ என்று எட்டிப் பார்த்தேன், அவன் ஜன்னலில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டிருந்தான். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது, உள்ளே போய்க் கல்யாணத்துக்கு வாங்கிய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கொல்லைப்புறத்தில் இருந்த டூலிப்பைப் பறித்துக்கொண்டு, பின்வழியாகவே தெருக்கோடிக்குப் போனேன். அங்கே ஏழெட்டுப் பேர் பூவும் கேக்குமாகத் தலை குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் நானும் சேர்ந்துகொண்டேன். யார் போனது என்று கேட்க வாய் இல்லை. தாளும் பென்சிலும் வேறு கோட்டில் இருந்தன, அது கொட்டகையில் தொங்கிற்று. அவர்கள் போகிற வீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பின்னாலேயே நடந்தேன்.

அவர்கள் நம் வீட்டு வாசலில் திரும்பினார்கள்.

அக்கா, அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவேன். நம் வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதில் ஒருவன் டூலிப்போடு தெருவில் நிற்கிறான். காற்று அடித்துக்கொண்டிருந்தது, அலை பெரிதாக இருந்தது, அவளோ கடலுக்குப் போனவள். போடில் என்று கத்த வாயைத் திறந்தேன், பழக்கமில்லாத தொண்டை, காற்றுதான் வந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கடற்கரைப் பக்கமிருந்து குளியல் அங்கியோடு, வெறுங்காலோடு, தலைமுடி சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். கம்பத்தைப் பார்த்திருக்கிறாள். மீன் கம்பத்தில் சுற்றிக்கொண்டதால் கடலிலிருந்து கொடி மட்டும்தான் தெரிந்திருக்கிறது. நான் தொண்டையில் ஆபரேஷன் செய்துகொண்டவன், வீட்டில் தனியாக இருந்தவன், அவள் வேறென்ன நினைப்பாள்? கூட்டம் விலகியது. என்னைப் பார்த்தாள், டூலிப்பைப் பார்த்தாள், கறுப்புக் கோட்டைப் பார்த்தாள், ஈரத் துண்டால் என்னை முதுகிலும் தோளிலும் விளாசினாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

"சாகுறதா இருந்தா மொதல்ல என்கிட்ட சொல்லிட்டுச் சாவு. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எனக்குக் கடைசியில சொல்லாத."

நானும் அழுதேன், சத்தம் இல்லாமல். கேக் கொண்டுவந்தவர்கள் திருப்பிக் கொண்டுபோக வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், மதியம் வந்த ரிக்கெயும் யெப்பெயும் சாவுக் கேக்கோடுதான் காபி குடித்தார்கள். எஸ்கில்தான் முதலில் தன் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கியவன். பக்கத்து வீட்டில் அரைக்கம்பம் என்றால் நாமும் இறக்க வேண்டும் என்பது முறை, முறையில் அவன் ஒரு குறை வைக்கமாட்டான். உறவுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று உனக்குப் போன் செய்ததும் அவனே. இல்லை, சாகவில்லை என்று திரும்பச் சொல்வது முறையில் இல்லை போலிருக்கிறது, அதை அவன் செய்யவில்லை. அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டபோது போனை எடுத்தது நான்தான் அக்கா. போடில் குளித்துக்கொண்டிருந்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுத்துவிட்டேன். நீ என் மூச்சைக் கேட்டு அவள் விம்முகிறாள் என்று நினைத்துக்கொண்டாய். "அழாத போடில். அவன் வாயாடிதான், ஆனா கெட்டவன் இல்ல" என்றாய். ரொம்ப நன்றி. சின்ன வயதில் உன் சைக்கிளைக் கடலில் போட்டதையும் மன்னித்துவிட்டதாகச் சொன்னாய். அதைப் போட்டது நான் இல்லை. ரிசீவரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன், நீ இன்னும் அதிகமாகத் தேறுதல் சொன்னாய். போடில் வந்து உன்னைத் திரும்பக் கூப்பிடுவதற்குள் வளையத்துக்குச் சொல்லிவிட்டாய். அதை விடு.

கல்யாணத்துக்கு முன்பு புதன்கிழமை டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். தனியாகத்தான் பஸ்ஸில் போனேன். திரும்பி வந்து போடிலுக்கு வாய் தைத்த காட் மீனை மறுபடியும் வரைந்து காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு என் கோட்டுக்குப் பிரஷ் போட்டாள்.

கல்யாணம் நம் சர்ச்சில், விருந்து மீனவர் சங்கக் கூடத்தில். சம்பந்தி வீட்டார் ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மாப்பிள்ளைக்கு மீன் ஆகாது. சாப்பிட்டால் முகம் வீங்கிவிடும். நல்ல பையன், குணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது, ஆனால் என் பாஷையில் அவனுக்கு உருவமே இல்லை. முகம் வீங்குகிறவனை எப்படி மீனாக வரைவது? அந்த ஒரு படத்துக்காக நான் பட்ட பாடு சன்னெக்குத்தான் தெரியும்.

என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். ஃபிளெம்மிங் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னிடமிருந்து காகிதம் வரும் என்று கையை நீட்டினார். போடில் பெரிய தாள்களைப் பலகையில் வைத்தாள். முதல் தாளில் மீன் கூடம், பெட்டிகள், முக்காலி மேல் வாய் கிழியக் கத்துகிற காட். நம் பக்கம் சிரிப்பு. இரண்டாவதில் கவிழ்த்த பெட்டி மேல் ஒரு குட்டி மீன், நெற்றியில் வெட்டிய முடியோடு. ரிக்கெ அப்படித்தான் வந்து உட்கார்ந்திருப்பாள், நீயும் பார்த்திருக்கிறாய். மூன்றாவது தாளில் அந்தக் குட்டி மீன் ஒரு பெட்டிக்குள், பெட்டியின் மேல் சாக்கட்டியால் குறுக்கே இரண்டு கோடு. தன் வீட்டுச் சட்டிக்கென்று மீனவன் எடுத்துவைத்த பெட்டியில்தான் அப்படிப் போடுவது. அதை ஏலம் கேட்க யாருக்கும் வாய் வராது, நானும் கூறமாட்டேன். நம் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது. ரிக்கெ வாயைப் பொத்திக்கொண்டாள். கோபன்ஹேகன்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, அது என்ன கணக்கா என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டார்கள்.

நான்காவது தாளில் கையைத் தூக்கி ஏலம் கேட்கிற ஓர் உருளைக்கிழங்கு. கண்ணாடியும் கழுத்துப்பட்டையும் வைத்து யெப்பெ மாதிரியே வரைந்திருந்தேன். சம்பந்தியம்மாள் முகம் சிவந்து முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ஃபிளெம்மிங் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு வார்த்தை பேசினால் சரியாகிவிடும், ஆனால் பேசக் கூடாதே. நல்லவேளை எஸ்கில் எழுந்தான்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஊர்ல ஒருத்தரைக் கிழங்குன்னா அதுக்கு மேல மரியாதை கெடையாது. மீன் இல்லாத நாள் எங்களுக்கு உண்டு. கிழங்கு இல்லாத நாள் இல்ல."

எழுந்தவன் உடனே உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்கு வந்ததும் அவனை நண்டிலிருந்து சிங்கி இறாலாக உயர்த்தினேன்.

ஐந்தாவது தாளில் காட் தலையை ஆட்டுகிறது: இது விற்பனைக்கு இல்லை. எவ்வளவு கேட்டாலும் இல்லை. கடைசித் தாளில் அந்தக் குட்டி மீன் தானே பெட்டியிலிருந்து துள்ளிக் குதித்துப் போய்க் கிழங்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. காட் முக்காலியில் திரும்பி உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறது. அவ்வளவுதான் என் பேச்சு.

துறைமுகத்து ஆட்கள் எல்லோரும் தரையில் காலை உதைக்க ஆரம்பித்தார்கள், கூடமே அதிர்ந்தது. கால் உதைத்தால் மணமக்கள் மேஜைக்கு அடியில் போய் முத்தம் கொடுக்க வேண்டுமே, இவர்கள் என் பேச்சுக்காக உதைக்கிறார்கள் என்று தெரியாமல் யெப்பெ அடியில் புகுந்துவிட்டான். ரிக்கெ போகவில்லை. சாப்பாட்டுப் பட்டியல் எழுதிய பலகையிலிருந்து சாக்கட்டியை எடுத்துக்கொண்டு, அந்தப் பெரிய வெள்ளை உடையைத் தூக்கிப் பிடித்தபடி என்னிடம் வந்தாள். என் கறுப்புக் கோட்டில் நெஞ்சுக்கு நேராகக் குறுக்கே இரண்டு கோடு போட்டாள்.

"நீயும்தான் அப்பா" என்றாள்.

அக்கா, எனக்கு இதைவிட என்ன வேண்டும் சொல். யெப்பெ இன்னும் மேஜைக்கு அடியில் பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தான். ஃபிளெம்மிங் பிறகு எழுந்து வெகுநேரம் பேசினார், நன்றாகவே பேசினார், நாங்கள் சாப்பிட்டு முடித்தோம். போகும்போது சம்பந்தியம்மாள் அந்த உருளைக்கிழங்குப் படத்தைச் சட்டம் போட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கோட்டை இன்னும் துவைக்கப் போடவில்லை. பேச்சு வராமல் போனதே எனக்கு நல்லதாயிற்று என்று நினைத்துக்கொள்கிறேன், விதியின் கையில் இருப்பதை நாம் என்ன செய்ய முடியும்.

உன் இடுப்பு சீக்கிரம் தேறி, தெருக்கோடியில் இருக்கிற தபால்பெட்டிவரை நீயே நடந்து எனக்குப் பதில் போட வேண்டும். நர்ஸுகளோடு சண்டை போடாதே. போடில் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். உனக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும், எனக்கும் கிடைத்திருக்கிறது.

உன் அன்புத் தம்பி,
ஓர்லா

பின்குறிப்பு: இது உனக்கு மட்டும். அந்தப் புதன்கிழமை டாக்டரம்மா என் தொண்டையைப் பார்த்துவிட்டு, ஆறிவிட்டது, தாராளமாகப் பேசலாம் என்றுதான் சொன்னார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அலைதடுப்புச் சுவருக்குப் போய் ஆள் இல்லாத இடத்தில் கல்யாணப் பேச்சை வாயால் சொல்லிப் பார்த்தேன். அன்புள்ள ரிக்கெ என்று நன்றாகத்தான் ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் என்னையறியாமல் ராகம் ஏறி வேகம் பிடித்து, பெண்ணை ஒரு கடற்காகத்துக்கு ஏலம் கூறி முடித்துவிட்டேன். அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன், இன்னும் மூடியே வைத்திருக்கிறேன். போடிலுக்குத் தெரிய வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு.

அண்ணி, நான் போடில். ஒட்டித் தபால்ல போடச் சொல்லி இதை என்கிட்டதான் குடுத்தான், கண்ணாடி போட்டுப் படிச்சிட்டேன். அந்தப் புதன்கிழமை அவன் திரும்பி வர பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் எனக்குப் போன் பண்ணி, இனிமே பேசலாம், நல்ல சேதின்னு சொல்லிட்டா. நான் கேக்கல, அவனா சொல்லட்டும்னு விட்டுட்டேன். தூக்கத்துல தெனமும் பேசுறான். பேச்சு பூரா மீன் வெலைதான், ஒருநாளும் என் பேர் வந்ததில்ல. காலையில எந்திரிச்சா காபிக் கோப்பை பக்கத்துல ஒரு படம் இருக்கு, தெனம் ஒண்ணு, அதுல நான் இருக்கேன். நீங்களும் கேக்காதீங்க.